அக்காவின் சாப்பாட்டில் நெய் இருக்கட்டும்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள முருகேசனுக்கு,

ஏற்காட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு வந்திருப்பது கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்று உறுதியானதையும், கொழுப்புதான் அந்தக் கட்டிக்குத் தீனி என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் நெய், எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதையும் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. அந்தப் புற்றுச்செல்கள் கொழுப்பைச் சேர்த்துவைப்பது உண்மை. ஆய்வகத்தில் திசுவை மெழுகில் பதித்து நாங்கள் தயாரிக்கும் வழக்கமான ஸ்லைடில் அது தெரியாது; ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். திசுவை உறையவைத்து வெட்டி, ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றினால்தான் செல்லுக்குள் சிவப்புச் சிவப்பாகத் துளிகள் தெரியும். மிஞ்சிய கொலஸ்டிராலை இத்துளிகளுக்குள் அடைத்துவைக்க உதவும் சோட்-1 என்ற நொதியைத் தடுத்தபோது எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்ததாக 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் இந்தக் கொழுப்பெல்லாம் அக்காவின் தட்டிலிருந்து போவதில்லை, முருகேசா. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் கொலஸ்டிராலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வைத்திருக்கிறது. இரத்தத்தில் உள்ளது உள்ளே நுழைய முடியாதபடி தடுப்பு இருப்பதால், தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அப்படித் தயாரிப்பதைத்தான் புற்றுச்செல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. கொழுப்பு அமிலங்களையோ அவை சர்க்கரையிலிருந்தே செய்துகொள்ளும். கட்டி உள்ள இடத்தில் அந்தத் தடுப்பு ஓரளவு சிதைந்திருக்கும் என்பது மெய்தான். அதற்காக நெய்யை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. மெலியப்போவது அக்காதான்.

கட்டிக்குக் கொழுப்பு கிடைக்கும் இந்த வழியை மருந்தால் அடைக்க முடியுமா என்பது நல்ல கேள்வி, எனக்கு அதில் மிகுந்த நம்பிக்கையும் உண்டு. கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தடுக்கும் டெனிபான்ஸ்டாட் என்ற மருந்தை, நோய் திரும்பியவர்களுக்கு பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்துடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்தும் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பது 2005இலேயே உறுதியானது. அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

ஆகையால் அடுத்த முறை கதிர்வீச்சுக்கு மலையிறங்கும்போது உணவு ஆலோசகரையும் பார்த்துவிடு. மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால், அது இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதால் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல். அதுவரை அக்கா பருப்புச் சோற்றில் நெய் கேட்டால் மறுக்காதே. நானும் உடன் வருகிறேன், எந்த நாள் என்று மட்டும் முன்னதாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
ராமலிங்கம்