கழற்றிய காருக்கு ரோட்டில் வேலை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், பைபாஸில் ராத்திரி நேரத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போன கார்களைப் போலீஸார் பிடித்த செய்தி வந்திருந்தது. படத்துக்குக் கீழே 'ரேஸ் கார்கள் பறிமுதல்' என்று போட்டிருந்தீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். பின் சீட்டைக் காணோம், சைலன்சரை அறுத்திருக்கிறார்கள், பானட் முழுக்க ஸ்டிக்கர், ஆனால் டிரைவர் சீட்டும் பெல்ட்டும் கம்பெனி கொடுத்ததேதான். அதில் ஒன்றுகூட ரேஸ் கார் இல்லை சார். போட்டிக்காகக் காரை ஒழுங்காகக் கழற்றியவன் எவனும் அதைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவர மாட்டான், கொண்டுவரவும் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓசூரில் டூல் ரூமில், அதுதான் அச்சும் கருவியும் செய்யும் பட்டறை, அதில் வேலை பார்ப்பவன், வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் டிங்கர் வேலை பார்க்கும் என் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய மாருதி எஸ்டீமை வாங்கினோம், ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்காக. வீட்டில் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. முதல் வேலையாக மாங்காய் லோடு போடும் எடை மேடையில் வண்டியை ஏற்றினோம், 880 கிலோ. மேடைக்காரர் 'லோடு எங்கேண்ணா?' என்று கேட்டார், காரேதான் லோடு என்றோம்.

சீட், கார்ப்பெட், டோர் டிரிம், ஸ்டெப்னி, ஏசி கம்ப்ரஸரும் அதன் குழாய்களும், இதெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இறங்கிவிட்டது. ஆளைக் கொன்றது தார் ஷீட்தான். தரையில் சத்தம் வராமல் இருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்புவார்கள் இல்லையா, அது இருபது வருஷத்தில் தகடோடு தகடாகிப் போயிருந்தது. ஹீட் கன்னால் சூடு காட்டி, பட்டித் தகட்டால் சுரண்டினால் சூயிங்கம் மாதிரி இழுக்கும், சூடு கொஞ்சம் கூடினால் கையில் ஒட்டும், குறைந்தால் அசையவே அசையாது. நாலு ராத்திரி போனது. அப்புறம் யாரோ சொல்லி டிரை ஐஸ், அதாவது உறையவைத்த கரியமில வாயு, வாங்கிவந்து பரப்பினோம். அது மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கதவையெல்லாம் திறந்துதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் வாயு மூச்சை முட்டிவிடும். பத்து நிமிஷம் விட்டுச் சுத்தியால் லேசாகத் தட்டினால் அப்பளம் உடைகிற மாதிரி நொறுங்கி வந்தது. நாலு ராத்திரி வேலை ஒரு மத்தியானத்தில். தார் போன இடத்தில்தான் தெரிந்தது, டிரைவர் காலடியில் நாலு விரல் அகலத்துக்குத் துரு. கழற்றாமல் இருந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது.

திரும்ப எடை மேடை, 765 கிலோ. அதைப் பார்த்து ஆடிவிடக் கூடாது, ஏனென்றால் ரோல் கேஜ், அதுதான் உள்ளே போடும் இரும்புக் கூண்டு, அது ஏறியதும் 800. எடையைக் குறைப்பதே பாதி இதற்குத்தான், கூண்டின் கனத்துக்கு இடம் பண்ண. கதவுக்குள் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை இருக்கும், பக்கவாட்டில் மோதினால் தாங்குவதற்கு. அதையும் சில பேர் எடைக் கணக்கில் அறுத்துவிடுகிறார்கள். மச்சான் அதில் கை வைக்க விடவில்லை.

கூண்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நம் ஊரில் பெரிய தப்பு நடப்பது இங்கேதான். உலக அளவில் மோட்டார் பந்தயங்களுக்கு விதி போடும் எஃப்ஐஏ கேட்பது தையல் இல்லாத, அதாவது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் பைப். டிரைவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லி கனம், இல்லையென்றால் 50க்கு 2. கூண்டின் காலை வெறும் தரைத் தகட்டில் ஒட்டவைக்கக் கூடாது, அடியில் 3 மில்லி கனத்தில் தனித் தகடு, குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் அளவில் கொடுக்க வேண்டும். சீட்டுக்குத் தேதி உண்டு, எஃப்ஐஏவின் 8855-1999 முத்திரை போட்ட சீட் செய்த நாளிலிருந்து 5 வருஷம்தான். பெங்களூரில் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது என்று நான் ஆசையோடு தூக்கிவந்தேன், மச்சான் பின்னால் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினார், தேதி முடிந்து இரண்டு வருஷம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல் தடவை வண்டிச் சோதனையில் எங்களைத் திருப்பியே அனுப்பினார்கள். கரண்டை மொத்தமாக நிறுத்தும் சுவிட்ச் இருந்தது, அது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து காட்டும் நீல முக்கோணம் ஒட்டவில்லை. அப்போது கோபம் வந்தது. வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது ஓடிவருகிறவன் அந்த முக்கோணத்தைத்தான் தேடுவான் என்று வரும் வழியில் மச்சான் சொன்ன பிறகு அடங்கினேன்.

இனி எங்கள் தெருப் பையன் கதை. காலேஜ் படிக்கிறான், அப்பாவின் பழைய ஸ்விஃப்ட். ஒரு வெல்டிங் கடையில் 18,000 ரூபாய் கொடுத்துக் கூண்டு போட்டுக்கொண்டு வந்து, 'மாமா, இனி எத்தனை தடவை உருண்டாலும் ஒண்ணும் ஆகாது' என்றான். நான் பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, கனம் அளக்கும் வெர்னியரை விட்டுப் பார்த்தேன். 1.2 மில்லி. உள்ளே நீளவாக்கில் தையல். கல்யாண மண்டப நாற்காலிக்குப் போடுகிற பைப் சார் அது. கால் நாலும் நேராகத் தரைத் தகட்டில். உருண்டால் அந்தப் பைப் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும், கூரை தலைமேல் வரும். உருளவே வேண்டாம், ஹெல்மெட் போடாத தலை சாதாரண மோதலில் அந்தப் பைப்பில் இடித்தாலே போதும். இதில் பின் சீட்டை வேறு எடுத்துவிட்டுப் பாயை விரித்து, மூன்று பேரை உட்காரவைத்து ஒகேனக்கல் போய்வந்திருக்கிறான்! பின்னால் ஆள் இல்லாத நேரத்தில், சீட்டும் ஸ்டெப்னியும் போய்ப் பின்பக்கம் லேசானால் பிரேக் அடிக்கும்போது பின் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் வழுக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அடிக்கடி விபத்து நடக்கும் தொப்பூர் மலை இறக்கத்தில், மழையில் அப்படி ஆனால் என்னவாகும் என்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. ரோட்டில் ஓடும் வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ரோட்டில் பந்தயம் விட்டால் அதற்குத் தனியாக 189ஆம் பிரிவு. எங்கள் எஸ்டீமை டிராக்குக்கு மட்டும் என்று முடிவு செய்தபோதே ஆர்சியை ஒப்படைத்துவிட்டோம். இப்போது அது எங்கே போனாலும் லாரி மேல்தான் போகும். செலவுதான், இருங்காட்டுக்கோட்டை இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், கோவை செட்டிப்பாளையம் டிராக் அதைவிடத் தூரம். பையன்கள் பைபாஸுக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம், அதற்காக நியாயம் என்று சொல்லவில்லை.

செட்டிப்பாளையம் டிராக்குக்குப் பெயர் கொடுத்த கோவைப் பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்தே ரேஸ் கார் கட்டிக் காட்டியவர். வண்டி கட்டும் கை நம் பக்கமும் இருக்கிறது, ஓசூரைச் சுற்றி லேத்துக்கும் வெல்டருக்கும் பஞ்சமா? நான் கேட்பது இரண்டுதான். இனி இப்படிச் செய்தி வந்தால் 'உருமாற்றிய கார்' என்று போடுங்கள், ரேஸ் கார் என்று போட்டால் அந்தப் பையன்கள் படத்தை வெட்டி ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்கிறார்கள், வைத்ததை நானே பார்த்தேன். அப்புறம், காரைக் கழற்றுவதற்கு முன்னால் ஆர்டிஓ ஆபீஸில் என்ன கேட்க வேண்டும், ஆர்சியை எப்படி ஒப்படைப்பது என்று ஒரு நாள் அரைப் பக்கம் தமிழில் போடுங்கள்.

எங்கள் தெருப் பையன் கூண்டை அறுத்து எடுத்துவிட்டான், காயலாங்கடையில் 600 ரூபாய் கிடைத்ததாம். அவனுடைய பின் சீட்டு என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது, பூனை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் கண் திறந்ததும் வந்து எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டூல் ரூம் தொழிலாளி,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.