ரூட்டருக்குக் கையால் முகவரி எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையம் வரவில்லை என்றதும் ரூட்டரில் வெளி இணைப்பு வந்து சேரும் வான் (WAN) போர்ட்டில் ஓர் ஐபி முகவரியைக் கையால் எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முன்பு மோடம் கொடுத்த எண்ணையே எழுதினால் அப்போதைக்கு வேலை நடக்கும். ஆனால் அது குத்தகைக்கு வந்த எண். குத்தகை முடிந்ததும், முகவரிகளைத் தானாகப் பகிர்ந்தளிக்கும் டிஹெச்சிபி (DHCP) சர்வர் அதை வேறொரு கருவிக்குக் கொடுக்கலாம். ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் மோதினால் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். காரணம் எளிதில் பிடிபடாது. சேவை நிறுவனத்திடம் நிலையான முகவரியைத் தனியே வாங்கியவர்களைத் தவிர மற்றவர்கள், போர்ட் தானாக முகவரி பெறும்படி விடுவதே சரி.

வீட்டு ரூட்டரில் வான் பக்கத்தைத் திறந்து 'டைனமிக் ஐபி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இணைப்புக்கெனப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்திருந்தால் அது பெரும்பாலும் பிபிபிஓஇ (PPPoE) எனப்படும், உள்நுழைந்து இணையும் வகை. அதற்கு இந்த முறை பொருந்தாது.

சிஸ்கோ ரூட்டரில் வான் போர்ட்டாகப் பயன்படும் ஈதர்நெட் இன்டர்ஃபேஸின் அமைப்புக்குள் போய் 'ஐபி அட்ரஸ் டிஹெச்சிபி' என்றும், அடுத்து 'நோ ஷட்டவுன்' என்றும் கொடுக்க வேண்டும். இரண்டாவது கட்டளையை மறப்பவர்கள் அதிகம். புது ரூட்டரில் போர்ட்டுகள் மூடியே இருக்கும். பிறகு 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' கொடுத்துப் பார்த்தால், முகவரிக்குப் பக்கத்தில் டிஹெச்சிபி என்றும், ஸ்டேட்டஸ், புரோட்டோகால் ஆகிய நிலை இரண்டும் 'அப்' என்றும் தெரிய வேண்டும்.

முகவரி வந்தும் இணையம் வராவிட்டால், பழைய டிஃபால்ட் ரூட் (வெளியே போவதற்கான பொது வழி) ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்கோவில் டிஹெச்சிபி வழியாக வரும் ரூட்டின் முன்னுரிமை மதிப்பு 254. கையால் எழுதியதன் மதிப்பு 1. சிறிய எண்தான் வெல்லும் என்பதால் பழையதை நீக்கியாக வேண்டும். உள்பக்க முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றும் நேட் (NAT) விதியிலும் முகவரியை எழுதாமல் இன்டர்ஃபேஸின் பெயரையே குறிப்பிடுங்கள். முகவரி மாறினாலும் விதி செல்லுபடியாகும்.

அதிகம் அலைக்கழிப்பது, எந்தப் போக்குவரத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட். டிஹெச்சிபி சர்வரின் பதில், யுடிபி (UDP) என்ற தகவல் அனுப்பும் முறையில் 67ஆம் போர்ட்டிலிருந்து 68ஆம் போர்ட்டுக்கு வருகிறது (இவை கேபிள் செருகும் போர்ட்டுகள் அல்ல, மென்பொருள் எண்கள்). முகவரி கிடைத்த பிறகு பாதுகாப்புக்காக உள்வரும் போக்குவரத்தை முழுவதும் அடைத்துவிட்டால், அப்போதைக்குக் கோளாறு எதுவும் தெரியாது. குத்தகை 24 மணி நேரம் என்றால், ரூட்டர் 12ஆம் மணியில் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 21ஆம் மணியிலிருந்து எந்தச் சர்வராவது பதில் தரட்டும் என்று பொதுவாகக் கேட்கும். அந்தப் பதிலும் அடைபட்டால் குத்தகை முடியும்போது இணைப்பு அறுந்துவிடும். உடனே மறுதொடக்கம் செய்வார்கள். விதி சேமிக்கப்பட்டிருந்தால் முகவரியே வராது. பழி சேவை நிறுவனத்தின் மேல் விழும். 67இலிருந்து 68க்கு வரும் யுடிபியை அனுமதிக்கும் ஒரே வரியில் இது தீர்ந்துவிடும்.

ரூட்டரை மாற்றியதும் முகவரி வரவில்லையா? சில மோடம்கள் முதலில் பார்த்த மேக் (MAC) முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் எண்ணை, நினைவில் வைத்துக்கொள்ளும். மோடத்தைச் சில நிமிடம் அணைத்து வையுங்கள். அல்லது பழைய கருவியின் மேக்கைப் புதியதில் நகலெடுங்கள். உள்பக்க முகவரியும் வெளிப்பக்க முகவரியும் 192.168.1 என்றே தொடங்கினால் இரண்டும் மோதும் என்பதால், உள்பக்கத்தை 192.168.50 என மாற்றுங்கள். மோடத்திலிருந்து வரும் கேபிள், உள்பக்கக் கருவிகளுக்கான லான் (LAN) போர்ட்டில் செருகப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். செருகியிருந்தால் இந்த ரூட்டரே அந்தப் பக்கத்துக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ரூட்டர் அமைப்பைப் படம்போட்டு விளக்கும்போது, வான் போர்ட்டில் மாதிரி எண் எதையும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்கள் அதையே எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
வலையமைப்புத் துறை வாசகர்