வயலில் உப்பைத் தெளிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் வேளாண் பக்கத்தில் ‘இயற்கைக் களைக்கொல்லி’ என்று ஒரு செய்முறை வந்திருந்தது. உப்பு, வினிகர், கொஞ்சம் சோப்புக் கரைசல், அவ்வளவுதான். (வினிகருக்குப் பதில் கோமியம் ஊற்றுபவர்களும் உண்டு, உப்பு மட்டும் மாறுவதே இல்லை.) கைப்பேசியில் இது எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் அச்சாகிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது, படித்த கையோடு கலக்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

தெளித்ததும் இலை கருகும், அது உண்மைதான். இளங்களை என்றால் வினிகர் மட்டுமேகூடக் கருக்கிவிடும். அந்த உப்பு அப்புறம் எங்கே போகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. உப்பின் எடையில் சுமார் 39 சதவீதம் சோடியம். அது மட்காது, ஆவியாகாது, நுண்ணுயிர்களும் தின்று தீர்க்காது. களிமண் துகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், அதன் பிறகு மண் ஈரம் பட்டால் குழைந்து, காய்ந்தால் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல், விதைத்தது மேலே வராமல் போகும். ஒரே ஒரு தடவை அடித்ததால் நிலம் பாழாகிவிடும் என்று பயமுறுத்தவில்லை, வடிகால் நன்றாக இருந்து மழையும் பெய்தால் ஓரளவு கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் களை ஒரு தடவையோடு நிற்பதில்லையே!

இதைப் பெரும்பாலும் கோரைக்குத்தான் அடிக்கிறார்கள். ஒரு கோரையைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் ஒரு குமிழ், அதிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு, அதன் முனையில் கறுப்பாக ஒரு கிழங்கு, அங்கிருந்து இன்னொரு தண்டு, இன்னொரு கிழங்கு. மேலே கருகியது இலை மட்டும்தான், கீழே இருப்பவை அடுத்த துளிரை அனுப்பிவிடும். டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் விட்டால் அந்தச் சங்கிலி துண்டுதுண்டாகி வயல் முழுக்கப் பரவும். கோரைக்கு ஆகாதவை இரண்டு, வெயிலில் காய்வதும் நிழலும். கோடையில் மண்ணைப் புரட்டிக் கிழங்கை மேலே கொண்டுவந்து காயவிட்டு, அப்புறம் தக்கைப்பூண்டோ சணப்போ மாதிரி பசுந்தாள் உரப் பயிரை நிழல் விழும்படி அடர்த்தியாக விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அடங்கும். ஒரே பருவத்தில் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மற்ற களைகளுக்கு வேலை விதைப்புக்கு முன்பே இருக்கிறது. நிலத்தைத் தயார் செய்து, ஒரு தண்ணீர் விட்டு, களையை முளைக்கவிட்டு, மேலாகக் கீறி அழித்த பிறகு விதைப்பது. ஆழமாக உழுதால் அடியில் உறங்கும் விதையை நாமே எழுப்பிவிட்டதாகிவிடும். விரலால் மேல்மண்ணைக் கீறினால் வெள்ளை நூல் மாதிரி முளைகள் தெரியும், அந்த நேரத்தில் லேசாகக் கிளறிவிட்டாலே வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும், நாலு இலை விட்டபின் அதே வேலைக்கு ஆள் தேட வேண்டும். பயிரின் வயதில் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 நாள் பயிருக்கு முதல் 30, 35 நாள், களை தலைதூக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு வருவதை விதை கட்டும் முன் பிடுங்கினால் சரி.

இன்னொன்று, களையில் ஒரு பகுதியை நாமேதான் வயலில் கொண்டுவந்து கொட்டுகிறோம். மாடு தின்ற களை விதைகள் எல்லாம் செரித்துவிடுவதில்லை, சாணத்தோடு உயிரோடு வெளியே வரும். எருக்குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறி, அது பல நாள் நீடித்தால்தான் பெரும்பாலானவை சாகும், ஓரத்தில் கிடப்பதும் உள்ளே போகும்படி புரட்டிப் போட்டால்தான். மரத்தடியில் வருடக்கணக்காகக் கிடந்து காய்ந்த சாணம் மட்கிய எரு ஆகிவிடாது. வைக்கோலைக்கூட மண்ணுக்குள் கலந்துவிட்டு உடனே விதைத்தால் அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளித்து நிற்கும், அதையே மேலே மூடாக்காகப் போட்டால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பாறையைப் பொடித்துத் தரும் பாஸ்பரஸ் உரமான ராக் பாஸ்பேட்டும் இயற்கைதான், ஆனால் அமில மண்ணில்தான் ஒழுங்காகக் கரையும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கல்லாகவே கிடக்கும். பையில் ‘இயற்கை’ என்று போட்டிருக்கிறதா என்பதைவிட, என் மண்ணில் இது என்ன செய்யும் என்று உங்கள் பக்கம் கேட்கலாம்.

ஏற்கெனவே உப்பு அடித்துவிட்டவர்கள் முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். சோடியம் ஏறியிருந்தால் சோடியத்தின் இடத்தில் கால்சியத்தை மறுபடி உட்காரவைக்கத் தேவையான அளவு ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் நிறையப் பாய்ச்சி, வடியவிட வேண்டும், வடிகால் இல்லாத நிலம் என்றால் முதலில் வாய்க்கால் வெட்டுவதுதான் வேலை. இதையாவது அடுத்த வேளாண் பக்கத்தில், அந்தச் செய்முறை வந்த அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி