தண்ணீர்மலை அடிவார ஆற்றங்கரைப் பணி: மே 31க்குள் இன்னும் 61,450 ரிங்கிட் தேவை

முருகன் துணை

பேரன்புடையீர், வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறோம். பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஓடும் ஆற்றின் 140 மீட்டர் கரையைக் கருங்கல்லும் செடியும் வைத்துச் சீர்படுத்தும் பணிக்கு மொத்தம் 200,100 ரிங்கிட் வேண்டும். இன்றுவரை சேர்ந்தது 138,650. ஒப்பந்தக்காரர் போன ஆண்டு சொன்ன விலையை மே 31 வரைதான் நமக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு கருங்கல்லும் லாரி வாடகையும் ஏறும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். மழையும் நமக்காகக் காத்திருக்காது. ஜூனில் நட்டால்தான் செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்குள் செடி வேர் பிடிக்கும். இந்த ஜூனை விட்டால் அடுத்த ஆண்டுதான்.

இந்தக் குன்றுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைத்தவர் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்த்து வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். மலையிலிருந்து விழும் அந்த அருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீர் கொடுத்தது. பினாங்குத் துறைமுகத்தில் ஒதுங்கிய கப்பல்களும் அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டுதான் கிளம்பின. மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றித் தண்ணீர் சுமந்தவர்கள் நம் ஆட்கள் என்றும், அவர்கள் அருவியோரம் நட்ட வேல்தான் பிற்பாடு குன்றுக்கு வந்தது என்றும் நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1857இல் நகரத்தார் தங்கள் தண்டாயுதபாணிக்கு மலையடிவாரச் சாலையில் கோயில் எழுப்பினார்கள். 1894இல் வெள்ளி ரதம் கப்பலேறி வந்தது. 2012இல் மலைமேல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு கண்டோம். அந்தத் திருப்பணிக்கு மணலும் செங்கல்லும் சுமந்த கைகள் சில இன்று இந்தக் குழுவிலும் இருக்கின்றன.

அருவியிலிருந்து இறங்கும் ஆறு தாவரவியல் பூங்காவைக் கடந்து, இரண்டு முருகன் கோயில்களின் காலடியைத் தொட்டு ஓடுகிறது. கீழே ஆயர் ஈத்தாம் ஆறு அதோடு சேர்ந்துகொள்ள, பினாங்கு ஆறாகிக் கடலுக்குப் போகிறது. அந்த வழியில்தான் நம் வண்ணாந்துறை. டோபி காட் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று, கல்லில் அடித்து, கொடிகளில் வெள்ளை வெள்ளையாக உலர்த்தி இந்த ஊரின் துணியெல்லாம் வெளுத்தார்கள். வெளுத்த துணி வெள்ளையாக இருக்கவேண்டுமென்றால் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கவேண்டும்! எழுபது வயதுக்கு மேலானவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஆற்றில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

மலையேற இன்று 513 படிகள் இருக்கின்றன. அடிவாரத்தில் நாம் எடுத்திருக்கும் இந்த 140 மீட்டர் கரையில் ஆற்றுக்கு இறங்க ஒரு படி இல்லை. தண்ணீர்மலையானுக்கு அரோகரா என்று தொண்டை வலிக்கக் கூப்பிடுகிறோம். அவன் பெயரில் உள்ள தண்ணீர் பக்கத்திலேயே கறுத்து ஓடுகிறது. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை எங்கள் தொண்டர்கள் இந்த 140 மீட்டரில் மட்டும் 43 மூட்டை குப்பை எடுத்தார்கள். நெகிழிக் கிண்ணம், பால் பாக்கெட், அறுந்த மாலை. ஒரு பால்குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணி முடிச்சு அவிழாமலே வேரில் சிக்கிக் கிடந்தது. வேண்டுதல் முடித்த கைகள்தானே அதையும் போட்டிருக்கும்?

என்ன செய்யப் போகிறோம் என்று பலர் கேட்டார்கள். கரையை மறுபடி சிமெண்ட் போட்டுப் பூசப் போவதில்லை. சிமெண்ட் கரையில் மழைநீர் சறுக்கிக்கொண்டு ஓடும். மேட்டிலிருப்பவன் தப்பிப்பான், பள்ளத்திலிருப்பவன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். 2017 நவம்பர் 4, 5 இரண்டு நாளும் இந்தத் தீவு பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். செடி பிடித்த கரை தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வேர்கள் அழுக்கில் உள்ள சத்தை உறிஞ்சும். கல்லில் மோதித் தாவும்போது தண்ணீருக்குள் காற்று கலக்கும், நிழல் விழுந்தால் சூடு தணியும். அப்புறம் மீன் தானாக வரும். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுச் சிமெண்ட் வாய்க்காலாக இருந்த காலாங் ஆற்றை இப்படித்தான் 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் கொம்தார் கட்டடத்துப் பக்கத்தில் சியா போய் (Sia Boey) என்ற இடம் இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த பிராங்கின் கால்வாயின் கரை 2019இல் பூங்காவாகி, இன்று பிள்ளைகள் உட்கார்ந்து மீன் பார்க்கிறார்கள்.

நாமும் சோதித்துத்தான் பார்த்தோம். போன ஆண்டு ஜூனில் 12 மீட்டருக்கு வெட்டிவேர் நட்டோம். அக்டோபர் மழையில் பக்கத்திலிருந்த சிமெண்ட் பலகை அடியில் மண் அரித்துச் சாய்ந்தது. வெட்டிவேர் நின்ற சரிவில் ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தோம். நான்கு மாத வேர் முழங்கை நீளத்தைத் தாண்டியிருந்தது. அலசியதும் சன்னிதியில் வரும் அதே வாசம். அதோடு கடம்பு நடப்போகிறோம். மலாய்க்காரர்கள் கெலெம்பாயான் என்பார்கள். ஆற்றோரத்தில் தானே முளைத்து வேகமாக வளரும் இந்த மண்ணின் மரம். கடம்பன் என்று முருகனுக்கே பெயர் இருக்க, அவன் காலடியில் ஒரு கடம்பு இல்லாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோம்.

கணக்கு இதுதான். உடைந்த சிமெண்டை எடுத்துக் கருங்கல் அடுக்க 62,000. வெட்டிவேர், தேங்காய்நார் உருளை, மூங்கில் முளைக்குச்சி எல்லாம் சேர்த்து 38,400. இரண்டு லோங்காங் (சாக்கடை) வாயில் குப்பைத் தடுப்பு வைக்க 27,500. கைப்பிடியோடு கருங்கல் படித்துறைக்கு 41,000. வயதானவர்கள் இறங்கிக் கால் நனைக்க வேண்டும் என்பதால் இதில் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) குறைக்க மாட்டோம். கடம்பு, புங்கை, ஏழிலைப்பாலை அறுபது மரக்கன்று 7,200. இரண்டு ஆண்டு பராமரிப்பு 24,000. நட்டுவிட்டுக் கைகழுவினால் ஆறே மாதத்தில் புதர் மண்டிவிடும், அதனால்தான் கடைசித் தொகை. அனுமதிக் கடிதங்கள் கையில் இருக்கின்றன. வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளர் சம்பளம் வாங்கவில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மலையடியில் பூக்கட்டும் அக்கா ஒருவர் மைலோ டின்னில் வாரம் ஐந்து ஐந்து வெள்ளியாகப் போட்டு, ஓராண்டு முடிந்ததும் டின்னோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். எண்ணினோம், 260 ரிங்கிட். டின்னைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார், அடுத்த ஆண்டுக்காம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாள் கேண்டீன் காசை உண்டியலில் போட்டார்கள். சாலை முனைக் காப்பிக்கடைச் சீனப் பெரியவர், தன் அப்பா இந்த ஆற்றில் இறால் பிடித்ததைச் சொல்லி 2,000 கொடுத்தார். மரக்கன்று எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லித் தந்த மலாய் நண்பர் எங்கள் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வண்ணாந்துறையில் துணி வெளுத்தவரின் பேத்தி ஆஸ்திரேலியாவிலிருந்து 3,000 அனுப்பி, தாத்தாவின் பெயரை எழுத வேண்டாம், துறைக்கு என்று எழுதினால் போதும் என்றார். ரசீதில் அப்படியே எழுதினோம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தைப்பூசத்தன்று நம் மேசையில் நோட்டில் பெயரெழுதி, தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட 31 பேரிடமிருந்து 17,300 ரிங்கிட் இன்னும் வரவில்லை. யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டோம். சன்னிதிக்கு எதிரில் நின்று எழுதிய பெயர்கள் அவை. அந்தத் தொகை வந்தாலே பாக்கி 44,150க்கு இறங்கிவிடும். கஷ்டத்தில் இருப்பவர்கள் பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நோட்டிலிருந்து அந்தப் பெயரை நாங்களே அடித்துவிடுகிறோம். சொல்லாமல் இருப்பதுதான் எங்களைக் கட்டிப்போடுகிறது.

கோயிலுக்கென்றால் கொடுப்போம், ஆற்றுக்கு எதற்கு என்று கேட்ட உறவுகளுக்கும் இதைச் சொல்கிறோம்: காவடி எடுக்கும் முன் தலையில் ஊற்றும் தண்ணீரும் திருப்பணியில் சேர்த்திதான்.

ஞாயிறுதோறும் காலை 7 முதல் 10 மணி வரை மலையடிவாரத்தில் எங்கள் மேசை இருக்கும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஐந்து வெள்ளிக்கும் ரசீது உண்டு. 120 ரிங்கிட் கொடுத்தால் ஒரு கன்று உங்கள் குடும்பத்தின் பெயரில். நடும்போது பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், மண்வெட்டி நாங்கள் வைத்திருக்கிறோம். பணம் தர முடியாதவர்கள் ஜூன் மாத ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம் தரலாம். வழுக்காத செருப்பு போட்டு வரவும்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைப் பணிக் குழுவினர்
தண்ணீர்மலை அடிவாரம், பினாங்கு