உங்கள் டேப் என்னிடம்தான் இருக்கிறது

அண்ணா,

நீங்கள் ஓட்டிய நம் புல்டோசருக்கு நேற்று செயினை ஏற்றியாகிவிட்டது. இரண்டு பக்கமும். கூடவே செயினை ஓட்டுகிற ஸ்பிராக்கெட் பல், பாட்டம் ரோலர் மொத்தமும், டாப் ரோலர் ஒன்று. செயின் முன்னால் சுற்றி வருகிற சக்கரத்தை, ஐட்லரை, மட்டும் வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து போட்டிருக்கிறேன். இதற்கு நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். எவ்வளவு ஆனது என்று இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் படிப்பார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். நான்கு முறை உங்கள் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நேரில் வந்தால் "வாங்க தம்பி" என்று நாற்காலி எடுத்துப் போட்டு, டீக்கு ஆள் அனுப்பி, மழை, தேங்காய் விலை என்று எதையாவது பேசி அனுப்பிவைத்துவிடுவீர்கள். அதனால்தான் இப்படி. உங்கள் மகன் படித்துக் காட்டுவான் என்ற நம்பிக்கை. வேறு வண்டிக்காரர்களும் நாலு பேர் படிப்பார்கள், அவர்களுக்காகச் சில இடங்களில் விளக்கமாகப் போக வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊதியூர்ப் பக்கம் அந்தக் கொறங்காடு, மேய்ச்சல் காடு. காட்டுக்காரர் பெயரை எழுத மாட்டேன். அவரும் படிக்கக்கூடும், ஏழு மணி நேர வாடகை பாக்கி வேறு அவரிடம் நிற்கிறது. மாசி மாதம், வெயில் இறங்கி வெள்வேல மரத்து நிழல் கிளுவை வேலியைத் தொட்டிருந்த நேரம். காலையிலிருந்து சரளையும் வெங்கச்சாங்கல்லுமாகத் தள்ளிய நாள். வண்டியை நிறுத்தியதும் எப்போதும் போல ரோலர் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனீர்கள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. எது மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அதில் சீல் போய் ஆயில் இறங்கியிருக்கும் என்று எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். வலது பக்கம் பின்னாலிருந்து இரண்டாவதில் கை நின்றது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேராகச் செயினுக்கு வந்தீர்கள்.

செயின் கண்ணிகளைக் கோர்க்கிற பின், அதில் பழையது ஒன்றை ஸ்பிராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் கொடுத்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னீர்கள். மேல் வரிசை விறைத்து நின்றது. பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடுவு வரைக்கும், நாலு கண்ணிக்கு டேப்பைப் பிடித்தீர்கள்.

"பத்து மில்லி கூடியிருக்குது தம்பி. கண்ணிக்கு ரெண்டரை. மூணு வந்தா முடிஞ்சுது. இப்பவே பின், புஷ்ஷைத் திருப்பிப்போடோணும். விட்டா புஷ் வெடிச்சுரும், அப்புறம் திருப்பறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது."

அப்புறம் என் விரலைப் பிடித்து புஷ்ஷின் மேல் வைத்தீர்கள். "தொட்டுப் பாருங்க." ஒரு பக்கம் உருண்டையாக, வழவழவென்று. மறுபக்கம் பல் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம். என் கட்டைவிரல் அதில் அப்படியே பதிந்து உட்கார்ந்தது. இப்போது இதை எழுதும்போதும் அந்த விரலில் அந்தப் பள்ளம் இருக்கிறது.

(தெரியாதவர்களுக்கு: புஷ் என்பது பின்னின் மேல் உறை மாதிரி இருக்கிற குழாய். அது எப்போதும் பல் அழுத்துகிற பக்கம்தான் தேயும். செயினைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், பிரஸ்ஸில் வைத்துப் பின்னையும் புஷ்ஷையும் தள்ளி எடுத்து, அரைச்சுற்று திருப்பி அடித்தால் தேயாத பக்கம் பல்லுக்கு வரும். நீண்ட செயினும் பழைய அளவுக்குச் சுருங்கும். கறை பட்ட வேட்டியைத் திருப்பிக் கட்டுகிற மாதிரி. ஆனால் புஷ்ஷில் கனம் மிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும். டோசருக்கு ஆகிற பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி அண்டர்கேரேஜுக்கே, அதாவது செயின், ரோலர், பல் என்று அடியில் இருப்பதற்கே, போய்விடும் என்பதால் இந்த ஒரு முடிவில்தான் வண்டிக்காரன் பிழைப்பதும் கெடுவதும்.)

அப்போது நான் சொன்னதை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. "பிரஸ் வெச்சிருக்கறவனுக்கும் உங்களுக்கும் எத்தனை பர்சன்ட்டுங்ண்ணா?" காட்டுக்காரர் இருந்தார், அவர் மருமகன் இருந்தார், டீசல் கொண்டுவந்த டிரைவர் இருந்தான். டிரைவர் சிரித்தான்.

நீங்கள் பனியன் வேஸ்ட்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தீர்கள். நகக்கண் வரைக்கும். டேப்பைச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டீர்கள். "அளவை நீங்களே பாத்துக்கங்க தம்பி." டிவிஎஸ் எக்ஸெல்லைத் தள்ளி ஸ்டார்ட் செய்துகொண்டு, வேலித் தடுக்கைத் திறந்து, வெளியே போய், திரும்ப இறங்கி வந்து தடுக்கைச் சாத்திவிட்டுப் போனீர்கள். ஆடு உள்ளே வந்துவிடும் என்று. அவ்வளவு கோபத்திலும் அது ஞாபகம் இருந்தது உங்களுக்கு.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. அந்த வார்த்தைக்கு.

அந்த முடிவுக்கு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் திருப்ப வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது முட்டாள்தனம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓடுகிற மட்டும் ஓட்டிவிட்டு மொத்தமாக மாற்றுவது என்பதும் ஒரு கணக்குதான். செயின் லிங்க்கின் உயரம், ரோலர், பல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்துபோகும் என்றால் நடுவில் பிரஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைப்பதில் என்ன லாபம்? பொக்லைன் வந்த பிறகு டோசருக்குக் கிடைக்கிற மணிக்கணக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். வேளாண் பொறியியல் துறை புல்டோசர் வாடகையைச் சொல்லி நம்மிடம் பேரம் பேசுகிற காலம். அந்த மாசியில் கையில் மூன்று வேலை. அதை விட்டுவிட்டு வண்டியைப் பட்டறையில் போட எனக்கு மனசு வரவில்லை.

கழற்றிய செயினை அப்புறம் உட்கார்ந்து அளந்தேன். உங்கள் டேப்பில்தான். லிங்க்கில் நீங்கள் நினைத்த அளவுக்குச் சதை இல்லை. திருப்பியிருந்தாலும் நீங்கள் மற்றவர்களிடம் சொன்ன இரண்டு வருஷம் வந்திருக்காது. ஒரு வருஷம் வந்திருக்கும்.

சரி, ஒரு வருஷம் என்பதும் சும்மா இல்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தை யார் போட்டது? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னைப் பற்றி டீக்கடையில் சொன்னீர்கள், நான் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. தள்ளிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ரிவர்ஸில் பெரிய கியர். நீள நீளமாக. காட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், பிளேடைத் தூக்கிக்கொண்டு பறந்து வருவீர்கள். முன்னால் தள்ளும்போது ஸ்பிராக்கெட்டிலிருந்து தரைக்குப் போகிற கண்ணிகள்தான் இழுபடும். பின்னால் வரும்போது மேல் வரிசை முழுக்க ஐட்லரைச் சுற்றி இழுபடும், புஷ் பாரத்தோடு பல்லில் உரசித் திரும்பும். வண்டி ரிவர்ஸில் ஒன்றும் சம்பாதிப்பதில்லை, தேய மட்டும்தான் தேய்கிறது. அப்பா இதை எத்தனை முறை சொன்னார்? "நேரம் மிச்சமுங்க மொதலாளி" என்பீர்கள். நேரம் எனக்கு மிச்சமானது, உண்மை. புஷ் போனதும் எனக்குத்தான்.

இப்போது ஓட்டுகிற பையன் சின்னக் கியரில், ஆட்டைக் கட்டி இழுத்து வருகிற மாதிரி பின்னால் வருகிறான். பார்க்கவே பொறுக்கவில்லை. உங்கள் கை வராது அவனுக்கு. பிளேடை மண்ணில் வைத்தால் நீங்கள் விடுகிற மட்டம், நூல் பிடித்த மாதிரி, அதை அவனிடம் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆவணியில் வெள்ளகோவில் பக்கம் ஓடைக்கரையில் நடந்தது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. புஷ் விரிந்து, பின் உடைந்து, வலது செயின் சரிவில் கழன்று கிடந்தது. வண்டியை மேலே இழுக்க பொக்லைனுக்கு மணிக்கு இவ்வளவு என்று நான் கொடுத்தேன். நானே. அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்தபடியே மூன்று நாள் நின்றேன். மூன்று மாதத்தில் வந்துவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்களோ அந்த மாசியில், அடுத்த வாரமே இன்னொருத்தரின் பொக்லைனில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். சீசன் நடுவில். ஒரு போன் இல்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் உண்மையிலேயே முட்டாள்தனம். செலவுக்குப் பயந்து, கழித்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து பழைய செயினை வாங்கி நம் பழைய பல்லில் மாட்டினேன். அந்தச் செயினின் கண்ணி ஒரு அளவு, நம் பல் நீண்ட செயினுக்குத் தேய்ந்து பழகிய அளவு. புஷ் பல்லின் அடியில் உட்காராமல் நுனியில் ஏறி ஏறி இறங்கியது. டக், டக் என்று ஒரு வருஷம் அந்தச் சத்தத்தோடு ஓட்டினேன். செயினும் கெட்டது, பல்லும் கெட்டது. அதனால்தான் இந்த முறை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியது.

இனி எழுதப்போவதை அம்மாவும் படிப்பாள். அதனால் சுருக்கமாக.

அந்த மாசியில் அப்பா கோயம்புத்தூரில் படுக்கையில் இருந்தது உங்களுக்குச் சொல்லப்படவில்லை. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவரே சொன்னார். பணம் எங்கே போனது என்று இப்போது புரிந்திருக்கும். அன்றைக்கு மத்தியானம் உங்கள் போன் அவருக்கு வந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் வெறுமனே நலம் விசாரிக்கிற சாக்கில் செயினைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். சாயங்காலம் வேலைக்காட்டுக்கு நான் கிளம்பும் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "அவன் திருப்பச் சொன்னான்னா திருப்பிப்போடு. அவங்கிட்டக் கேள்வி கேக்காத."

இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கும், நான் கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை. நீங்கள் ஏன் வேலையை விட்டீர்கள் என்று ஐப்பசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு இடத்தில் சம்பளம் கூடக் கிடைத்தது என்று சொல்லிவைத்தேன்.

போன மாதம் வருஷத் திதிக்கு வந்தீர்கள். பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், செருப்பைக் கழற்றாமல் நின்றீர்கள். அம்மா கூப்பிட்டும் கை நனைக்காமல் போய்விட்டீர்கள். அப்பாவும் என் பேச்சுக்கு ஒத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தால் அது அப்படி இல்லை. அவர் மேல் அந்தக் கோபம் வேண்டாம். என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் உங்கள் மேல் கொஞ்சம் இருக்கிறது, டீக்கடை விஷயத்தில்.

மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் மேலே கம்பி வைத்துப் பார்த்து 25 மில்லி தொய்வு விட்டிருக்கிறேன். இறுக்கிவிடு என்கிறான் பையன், நான் விடவில்லை. ஒரு நாள் ஓட்டியாகிவிட்டது. முன்னால் போகும்போது சத்தமே இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இடது பக்கத்திலிருந்து கீச்சென்று ஒன்று வருகிறது. நின்றதும் போய் எல்லா ரோலரையும் தொட்டேன், பின் முனைகளையும் தொட்டேன். எல்லாம் ஒரே சூடு. எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கொட்டகையில்தான் நிற்கும். அம்மா சமைத்துவைப்பாள்.