உச்சிப் பாதையின் பலகையில் ஏற்றமும் நேரமும் எழுதக் கோரி மனு

அனுப்புநர்:
பூங்காவுக்கு அடிக்கடி நடக்க வரும் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
மலைப் பூங்கா

பொருள்: உச்சிக்குப் போகும் பாதையின் தொடக்கப் பலகையைத் திருத்தி எழுதுவது, கூடாரத் திடலை ஓடையை விட்டுத் தள்ளி அமைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பாதை தொடங்கும் இடத்தில் இப்போது இருக்கும் பலகையில் ‘உச்சி – 6 கி.மீ.’ என்று மட்டும் இருக்கிறது. போன மாதம் அதை நம்பி, அக்காவையும் அவளுடைய பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு காலை 11 மணிக்கு ஏறத் தொடங்கினேன். ஆறு கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரம் போதும் என்பது என் கணக்கு. உச்சியைத் தொட்டபோது மணி மூன்று. இறங்கும்போது பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டார்ச். பையன் என் முதுகுப் பையின் வாரைப் பிடித்தபடி, ஒவ்வொரு கல்லையும் காலால் தடவித் தடவித்தான் இறங்கினான். யாருக்கும் அடிபடவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

தவறு என்னுடையதும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் சுமார் 900 மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தால் ஏறுவதற்கு மட்டும் 2 மணி 42 நிமிடம் ஆகும். அதுவும் நல்ல தெம்புள்ளவர், எங்கும் உட்காராமல் நடந்தால். குழந்தைகளோடு வருகிறவர்கள், நின்று நின்று படம் எடுக்கிறவர்கள் எல்லாம் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே பலகையில் தூரத்தோடு ஏற்றத்தின் உயரம், போய்வர ஆகும் நேரம், ‘இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடுங்கள்’ என்ற ஒரு வரி ஆகியவற்றையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரிதான் முக்கியம். உச்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகு யாருக்கும் தானாகத் திரும்ப மனம் வராது, எனக்கும் வரவில்லை. கீழே வெயில் காய்ந்தாலும் 900 மீட்டர் மேலே சுமார் ஆறு டிகிரி குளிர்ந்திருக்கும், காற்று வேறு வீசும் என்பதையும் எழுதலாம். அப்புறம், விசில் சைகை. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊதுவதுதான் மலைகளில் உதவி கேட்கும் முறை. சிக்னல் கிடைக்காத இடத்தில் போனை விட இது பயன்படும்.

இன்னொன்று, கூடாரத் திடல். இப்போது அது ஓடையிலிருந்து பத்தடி தூரத்தில், பள்ளத்தில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு நீர் நேராக ஓடையில் போய்ச் சேர்கிறது. ராத்திரியில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். விடியற்காலையில் கூடாரத் துணி உள்ளும் புறமும் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கிறது. ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, சற்று மேடான இடத்தில் திடலை அமைத்தால் ஓடைக்கும் நல்லது, தூங்குகிறவர்களுக்கும் நல்லது.

வளைவுகளில் குறுக்கே வெட்டி இறங்குகிறவர்களால் மழைநீர் அந்தத் தடத்திலேயே ஓடி, மண் அரித்து வாய்க்கால் போல ஆகிவிட்டது. குறுக்குத் தடங்களின் வாயில் கற்களையும் காய்ந்த கிளைகளையும் போட்டு மூடினாலே பாதிப் பேர் நேர்வழியில் போவார்கள்.

பலகைக்கான நேரக் கணக்கை வெவ்வேறு வயதுக்காரர்களோடு நடந்து குறித்துத் தரவும், கல் சுமக்கவும் என்னோடு நடக்க வரும் நண்பர்கள் தயாராக இருக்கிறார்கள். விடுமுறை நாள் ஒன்றைச் சொன்னால் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)