அப்பிள் வேண்டாம், பேரிக்காய் போதும்: மலையகப் பழத்தோட்டச் சுற்றுலா பற்றி ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் விவசாய, சுற்றுலாத்துறை அதிகாரிகளுக்கும் பெருந்தோட்ட நிறுவனங்களின் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் குடும்பங்கள் பக்கத்துப் பழத்தோட்டங்களுக்குப் போய், அப்பிளைத் தம் கையாலேயே பறித்து, நிறுத்துப் பணம் கொடுத்து வாங்கி வருவது நெடுநாள் வழக்கம். கனடாவிலும் இலண்டனிலும் குடியேறிய உறவினர்கள் அனுப்பும் படங்களில் இப்போது நாமும் அதைப் பார்க்கிறோம். நுவரெலியாவுக்கும் பண்டாரவளைக்கும் வரும் உள்ளூர்ப் பயணிகள் "இங்கே பழம் பறிக்கிற தோட்டம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பதும் அதனால்தான். அந்தக் கேள்விக்கு மலையகத்திடம் நல்ல பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அது அப்பிளில் இல்லை. ஏற்கெனவே நம் வீட்டுத் தோட்டங்களில் காய்த்து நிற்கும் மரங்களை, அவற்றை வளர்ப்பவர்களின் பொறுப்பிலேயே பார்வையாளருக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அப்பிளை ஏன் முதலிலேயே ஒதுக்குகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்பிள் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, போதிய குளிரைக் கண்ட பிறகே ஒழுங்காக மொட்டுவிடும். குளிர்நாடுகளில் வளரும் பெரும்பாலான வகைகளுக்கு, ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் மொத்தமாக 800 முதல் 1,000 மணித்தியாலம் வரை தேவைப்படுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியே இருக்கிறது. தை, மாசியில் சில இரவுகள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகினாலும், விடிந்து வெயில் ஏறியதும் அந்தக் குளிர் போய்விடுகிறது. இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அன்னா, பஹாமாஸ் தீவில் கண்டெடுக்கப்பட்ட டோர்செட் கோல்டன் போன்ற குறைந்த குளிரில் காய்க்கும் வகைகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவற்றை ஆராய்ச்சி நிலையங்கள் வளர்த்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏழைக் குடும்பமொன்றின் நிலத்தில் வளர்த்துப் பார்ப்பதில்தான் மறுப்பு.

வெப்ப நாட்டில் அப்பிள் பறிக்கும் சுற்றுலா நடக்கவே முடியாது என்று சொல்லிவிடவும் இயலாது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங் நகரை அடுத்த பத்து என்னும் மலைப்பகுதியில் அது நடக்கிறது. அங்கே அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளையெல்லாம் கையாலேயே உருவி எடுத்துவிடுகிறார்கள். மரம் உறக்கத்துக்குப் போகாமல் உடனே மீண்டும் மொட்டுவிடுகிறது, ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. திறமையான வேலைதான். ஆனாலும் மருந்துச் செலவு ஏறி, மண் சத்திழந்து, வெப்பமும் கூடியதால் அங்கேயே பலர் அப்பிளை விட்டுத் தோடைக்கு மாறியிருக்கிறார்கள். பல தலைமுறையாகப் பழகியவர்களே கைவிடும் ஒன்றை நாம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

இனி நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பங்களாக்களைச் சுற்றி நட்டுவைத்த பேரி, பிளம்ஸ், பீச் மரங்களின் வழிவந்தவை இன்று நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் நிற்கின்றன. அவற்றுள் பேரிக்காய்தான் நன்கு ஊன்றியது. கடைகளில் மெழுகு பூசி அடுக்கியிருக்கும் இறக்குமதிப் பழத்தின் அழகு அதற்கு இல்லை. தோல் தடித்தது, கடித்தால் சற்று நறநறக்கும். ஆனால் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றவர்கள் அதைக் குறைவாகப் பேச மாட்டார்கள். ஊவாப் பக்கத்தில் அது விளையும் ஆடி, ஆவணி மாதங்கள், தென்மேல் பருவமழை மலையின் மறுபுறத்தில் கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும் காலம். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதும் இதே காற்றுத்தான். வழுக்காத பாதை, தெளிந்த வானம், பள்ளிக்கூட ஆகஸ்ட் விடுமுறை எல்லாம் கூடிவரும் அந்தக் காலம், நெரிசலில் திணறும் ஏப்ரல் சீசனைவிட ஆறுதலாகவும் இருக்கும். பேரிக்காயோடு நிறுத்த வேண்டியதில்லை; பட்டர் புரூட், கொய்யா, மரத்தக்காளி, நாரத்தை என்று இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் வேறுவேறு பழங்கள் உண்டு.

இந்த மரங்களால் வீட்டுக்காரர் என்ன காண்கிறார் என்பதுதான் இம்மடலின் மையம். வியாபாரி லொறியோடு வருகிறார். மரத்தை அண்ணாந்து பார்த்து, காய் பிஞ்சாக இருக்கும்போதே முழு மரத்துக்கும் ஒரு விலை சொல்கிறார். வீட்டில் அப்போது பணத்தட்டுப்பாடு இருந்தால் அந்த விலைக்கே மரம் போய்விடும். பிறகு அவருடைய ஆட்கள் வந்து, முற்றியதும் முற்றாததுமாக ஒன்றாக உலுக்கி, மூட்டை கட்டி ஏற்றிப் போகிறார்கள். அதே காய் பத்து மைல் தள்ளி வீதியோரக் கடையில் விற்கும் விலையைக் கேட்டால் வீட்டுக்காரருக்கு வயிறு எரியும். வியாபாரியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. போக்குவரத்தும் அழுகலும் அவர் தலையில்தான். ஆனால் பறிக்க வருபவர் வீட்டு வாசலுக்கே வந்து, நிறுத்துப் பணம் கொடுத்து, தானே சுமந்து போனால் இந்த இடைச் செலவுகள் எவையும் இல்லை. பத்து மரங்களில் இரண்டை மட்டும் இப்படி ஒதுக்கிவைத்தாலும், மற்ற எட்டுக்கு வியாபாரியோடு பேரம் பேசும் தைரியம் அந்த வீட்டுக்கு வந்துவிடும்.

மரம் தாங்குமா என்று விவசாயத் திணைக்களத்தார் கேட்பது நியாயமே. பேரியும் அப்பிளைப் போலத் தடித்துக் குட்டையாக நிற்கும் சிறு குச்சிகளில்தான் ஆண்டாண்டாகக் காய்க்கிறது. ஆர்வக்கோளாறில் ஒருவர் காயைக் கீழே இழுத்தால் காயோடு குச்சியும் ஒடியும். அந்த இடத்தில் அடுத்த பல ஆண்டுகளின் காய்ப்பும் போய்விடும். சரியான முறை மிக எளியது. காயை உள்ளங்கையில் ஏந்தி, காம்பு படுக்கை நிலைக்கு வரும்வரை மெல்ல மேலே தூக்க வேண்டும். முற்றிய காய் தன் காம்போடு கழன்று கையில் விழும். கழலவில்லை என்றால் அதை விட்டுவிட வேண்டும். இதைச் செய்துகாட்ட ஐந்து நிமிடம் போதும், அதைச் செய்துகாட்டத் தகுதியானவர் அந்த மரத்தை வளர்த்தவரே. பழைய மரங்கள் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டதுதான் உண்மையான சிக்கல். பார்வையாளரை ஏணியில் ஏற்றக் கூடாது. உச்சியை வெட்டி, கிளைகளைக் கயிறு கட்டிப் பக்கவாட்டில் வளைத்து மரத்தைத் தாழ்த்தும் முறையை விவசாயப் போதனாசிரியர்கள் வீடு வீடாகச் சென்று கற்பிக்க வேண்டும். புதிதாக நடும் ஒட்டுக் கன்றுகளைத் தொடக்கத்திலிருந்தே தாழ வளர்க்கலாம்.

பாதுகாப்பில் இரண்டு விடயங்களை விட்டுக்கொடுக்க முடியாது. ஒன்று, மருந்து. தெளித்த பிறகு குறிப்பிட்ட நாட்கள் கழியாமல் காயைப் பறிக்கக் கூடாது என்ற விதி மருந்துப் போத்தலிலேயே இருக்கிறது. மரத்தடியிலேயே கடித்துத் தின்னும் குழந்தைக்கு அந்த விதி இருமடங்கு பொருந்தும். ஆகையால் கடைசியாக என்று, என்ன தெளித்தார்கள் என்பதை வாசலில் எழுதி வைக்காத தோட்டத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். மற்றது, குளவி. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போவது மலையகத்தில் புதிய செய்தியல்ல, உயிர்களும் போயிருக்கின்றன. கீழே விழுந்து அழுகும் பழத்தைக் குளவி தேடி வரும் என்பதால், விழுந்ததை அன்றன்றே பொறுக்கிப் புதைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பழ ஈயும் அதனாலேயே குறையும். வாகனத் தரிப்பிடம், குப்பை, நுழைவுச்சீட்டு போன்றவை உங்களுக்குத் தெரிந்த வேலைகள். அவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. மலசலகூடம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தேயிலை மலையில் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்குப் பல இடங்களில் அந்த வசதி இன்னும் கிடையாது. பார்வையாளருக்கென்று ஒன்றைக் கட்டி, பக்கத்து மலையில் வேலை செய்பவருக்கு அதைப் பூட்டி வைத்தால் அந்தத் திட்டத்துக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெருந்தோட்ட முகாமையாளர்களிடம் கேட்க வேண்டியது நிலம். வெலிமடையில் சொந்தக் காணி உள்ள விவசாயி நாளையே தொடங்கலாம். நிறுவனத்தின் வரிசைக் குடியிருப்பான லயன் அறையில் இருக்கும் தோட்டத் தொழிலாளியால் முடியாது. தனி வீட்டுத் திட்டங்களில் தொழிலாளருக்குக் கிடைத்த 7 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு கட்டி, வாசல் விட்டு, கொஞ்சம் மரக்கறி போட்டால், ஐந்தாறு மீற்றர் இடைவெளி கேட்கும் பேரி மரத்துக்கு மிஞ்சுவது ஒரு மூலைதான். அதே தோட்டத்தில் தேயிலை அழிந்து மானாப் புல் மண்டிய துண்டுகள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பழமரம் வைக்கக் கொடுங்கள். கூலிக்கு அல்ல, எழுத்தில் பதிந்த நீண்டகாலக் குத்தகைக்கு. நட்ட ஒட்டுக் கன்று காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டு எடுக்கும்போது, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வாய்வழி அனுமதியை நம்பி எவரும் மரம் நடமாட்டார்கள். நிறுவனமே தோட்டத்தை வைத்து, டிக்கட் விற்று, நம் பெண்களைக் கூடை கொடுக்க நிறுத்தினால், பழம் மாறியிருக்கும்; காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டு அப்படியேதான் இருக்கும்.

பெருமையோடு சொல்ல முடியாத ஒரு பழக்கமும் இங்கே உண்டு. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைக் கேட்காமலே படமெடுத்து, சில ரூபாய் நோட்டுகளை நீட்டிவிட்டுப் போவது. பழத்தோட்டத்தில் அந்தப் பெண் விலை சொல்பவராக, பறிக்கும் முறையைக் கற்பிப்பவராக, "இந்த மரத்தைத் தொடாதீர்கள்" என்று தடுப்பவராக இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகைகளில் தமிழும் சிங்களமும் பிழையின்றி இருப்பதும், வழிகாட்டிப் பயிற்சி அவர் பேசும் மொழியிலேயே நடப்பதும் அதற்குத் தேவை.

எல்லா இடத்திலும் ஒரேயடியாகத் தொடங்கும்படி நான் கேட்கவில்லை. வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் விருப்பமுள்ள சில வீட்டுத் தோட்டங்களையும், ஒரு பெருந்தோட்டத்தின் தரிசுத் துண்டொன்றையும் தெரிவுசெய்யுங்கள். மரங்களைக் கத்தரிப்பதும் வளைப்பதும் அவை இலையுதிர்த்து நிற்கும் குளிர் மாதங்களில் செய்ய வேண்டியவை. ஆகவே போதனாசிரியர்களை மார்கழிக்கு முன்பே அனுப்புங்கள். குத்தகைப் பத்திரத்தின் வரைவை மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, தொழிலாளர் குடும்பங்களின் கருத்தைக் கேட்ட பிறகு அதை முடிவுசெய்யுங்கள். அந்த வரைவு எப்போது வரும் என்பதை இம்மடலுக்கான பதிலில் திகதியோடு தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊவாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்